உளநூற் பேரறிஞர் உட்வொர்த்

தோற்றுவாய்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் வேண்டும். அவ்வுரைகல்லே போலியாயின் பொற்கொல்லன் என்செய்வான்? மாந்தர் உள்ளத்தை அளந்தறியக் கருவி காண முயன்றோர் பலர். அக்கருவியை முதற்கண் அளந்தறிதல் வேண்டும் என்பதை உணர்ந்து, அதற்கு நெறி வகுத்தோர் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நாட்டு உளநூற் பேரறிஞர் இராபர்ட் செஷன்ஸ் உட்வொர்த் ஆவார். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் நாம் கடல் கடந்த நாட்டார் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று வினவுவார்க்கு நாம் கூறும் விடை இது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையால் பொருநையாறு கரைபுரண்டு, நாம் வாழும் வண்ணார்பேட்டையின் தாழ்ந்த தெருக்களுட் புகுந்தமையை இம்மலரைப் படிப்போர் மறந்திரார். அடுத்த ஆண்டின் மழைக்காலத்தில், உளநூல் பயிலும் நண்பர் ஒருவர் நம் தெருவிற்கு வந்தார். சோர்வெண்ணங்களை, அதாவது இக்காலத்தார் எதிர்மறை எண்ணங்கள் என்று கூறுவனவற்றை, அளக்கும் வினாநிரல் ஒன்றை அவர் தாமே ஆங்கிலத்தினின்று பெயர்த்துக் கொணர்ந்திருந்தார்.

இரவில் துணுக்குற்று விழிப்பது உண்டா, தீங்கு வரும் என்று மனம் ஓயாது கருதுகின்றதா என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. தெருவின் கோடி வீட்டு ஆச்சி எல்லாவற்றிற்கும் ஆம் என்று நகைத்துக்கொண்டே விடையிறுத்தார். மழை பெய்தால் ஆறு வீட்டினுள் வருமோ என்று விழித்திராதார் இத்தெருவில் யார் என்று அவர் திருப்பிக் கேட்கவும் செய்தார். எதிர்வீட்டு இளைஞனோ எல்லாவற்றிற்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்தான். கூட்டிப் பார்த்த பொழுது ஆச்சி நோயாளியர் வரிசையிலும் இளைஞன் நலமுடையோர் வரிசையிலும் நின்றனர். ஆயினும் அவ்விளைஞன் இரண்டு திங்களாகக் கல்லூரிக்குச் செல்லாது, உணவும் குறைத்து, சுவரை நோக்கிப் படுத்திருந்தான் என்பது பின்னரே வெளிப்பட்டது. அவன் தாயார் நிலைமையை உணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றமையால் அவன் தேறினான். வினாநிரல் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

நோயில்லாரை நோயுடையார் என்பதும், நோயுடையாரை நோயில்லார் என்பதும் ஆகிய இவ்விரு பிழைகளையும் நீக்குவது எங்ஙனம் என்று தேடிய பொழுதே உட்வொர்த் என்னும் பெயர் நமக்கு எதிர்ப்பட்டது.

பிறப்பும் இளமையும்

உட்வொர்த் 1869-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17-ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாகாணத்துப் பெல்ச்சர்டவுன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் திருச்சபைக் குருவானவர். தாயார் உயர்கல்வி பெற்று ஆசிரியையாய்ப் பணி புரிந்தவர். வேதமும் கல்வியும் இரு கண்களாய் விளங்கிய இல்லத்தில் வளர்ந்த சிறுவர், தாமும் தந்தையாரைப்போல் திருப்பணிக்குச் செல்லக் கருதியதில் வியப்பில்லை. அவ்வெண்ணத்துடனே அவர் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை அடைந்தார். ஆங்குக் கடைசி ஆண்டில் கார்மன் என்னும் தத்துவ ஆசிரியரிடம் உளநூலும் மெய்யியலும் பயின்றமையால் அவர் உள்ளம் வேறு திசை நோக்கித் திரும்பிற்று. 1891-இல் பட்டம் பெற்றதும் பள்ளியில் ஈராண்டும், கான்சஸ் மாகாணத்து வாஷ்பர்ன் கல்லூரியில் ஈராண்டும் கணிதம் முதலியன கற்பித்தார்.

அந்நான்கு ஆண்டுகளில் இரண்டு நிகழ்ச்சிகள் அவர் வாழ்வின் போக்கை உறுதிப்படுத்தின. ஒன்று, வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளநூற் பெருநூலைக் கற்றது. மற்றொன்று, ஸ்டான்லி ஹால் என்னும் அறிஞரின் சொற்பொழிவைக் கேட்டது. கேட்டு வீடு திரும்பிய இளைஞர், ஆராய்ச்சி என்னும் ஒரே சொல்லை அட்டையொன்றில் எழுதித் தம் மேசைக்கு மேல் தொங்கவிட்டார். பிற்கால வாழ்க்கை முழுவதும் அச்சொல்லின் விரிவுரையே எனலாம்.

பயிற்சியும் ஆராய்ச்சியும்

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புகுந்து ஜேம்ஸ் பெருமகனாரிடமே பயின்றார். தார்ண்டைக், கானன் என்னும் இருவரும் ஆங்கு அவருக்கு வாழ்நாள் நண்பராயினர். பின்னர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கட்டெல் என்னும் ஆசிரியரின் கீழ் ஆராய்ந்து 1899-இல் டாக்டர் பட்டம் பெற்றார். உடலியலும் அறிந்தாலன்றி உள்ளத்தை அறிதல் அரிது என்று கருதி, 1902-இல் இங்கிலாந்து சென்று லிவர்ப்பூல் நகரில் ஷெரிங்டன் என்னும் நரம்பியற் பேரறிஞரிடம் ஓராண்டு பணி புரிந்தார். 1903-இல் கொலம்பியாவிற்கு மீண்டவர், தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அப்பல்கலைக்கழகத்திற்கே ஒப்படைத்தார்.

இதற்கிடையில் 1901-இல் அவரும் தார்ண்டைக்கும் கூடி வெளியிட்ட ஆராய்ச்சி ஆசிரியருலகையே அசைத்தது. கடினமான ஒரு பாடத்தைக் கற்றால் அறிவு முழுதும் கூர்மையுறும் என்பது அக்காலத்தார் உறுதியான கொள்கை. ஒரு துறையிற் பெற்ற பயிற்சி, அதனோடு ஒத்த கூறுகள் உள்ள துறைக்கே மிகுதியும் உதவும் என்று இருவரும் சோதனையாற் காட்டினர். நெடுங்காலம் நம்பப்பட்டது என்னும் காரணம்பற்றி ஒன்றை மெய்யெனக் கொள்ளலாகாது என்பதே அவ்வாராய்ச்சி கற்பித்த பாடம்.

1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குப் பல நாட்டு மக்களும் வந்திருந்தனர். உட்வொர்த்தும் உடனுழைத்தோரும் ஏறக்குறைய 1,100 பேரின் கண்பார்வை, செவிப்புலன், கைத்திறன் முதலியவற்றை அளந்தனர். இன்ன இனத்தார் உயர்ந்தோர், இன்ன இனத்தார் தாழ்ந்தோர் என்று கற்றோரும் கூசாது பேசிய காலம் அது. உட்வொர்த் அவ்வாறு பேசவில்லை. ஓரினத்துள்ளேயே ஒருவர்க்கொருவர் உள்ள வேறுபாடு பெரிது என்றும், இனங்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்து கிடக்கின்றன என்றும், ஒரு கூட்டத்தார்க்குப் பழகிய சோதனை மற்றொரு கூட்டத்தார்க்கு நடுநிலையானதன்று என்றும் 1910-இல் வெளியிட்ட கட்டுரையில் எச்சரித்தார். அளவுகோல் கையில் இருந்தும் தீர்ப்புக் கூற விரையாத அடக்கமே அவரைப் பெரியாராக்கிற்று.

போரும் வினாநிரலும்

1914-இல் ஐரோப்பாவில் மூண்ட பெரும்போர் உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் சிதைத்தது. காயமில்லாத வீரர் பலர் நடுங்கினர், பேச்சிழந்தனர், உறக்கமிழந்தனர். குண்டு வெடித்த அதிர்ச்சியால் வந்தது என்று முதலில் எண்ணியமையின் அந்நோய்க்கு வெடியதிர்ச்சி என்று பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரிற் கலந்தபொழுது, படையிற் சேரவரும் இலட்சக்கணக்கான இளைஞருள் இத்தகைய துன்பத்திற்கு எளிதில் ஆட்படக்கூடியவரை முன்னரே அறிதல் இயலுமா என்னும் வினா எழுந்தது. ஒவ்வொருவரையும் மருத்துவர் தனித்தனியே உசாவுதற்கு மருத்துவரும் போதார், காலமும் போதாது. அமெரிக்க உளநூற் கழகம் அப்பொறுப்பை உட்வொர்த்திடம் ஒப்புவித்தது.

அவ்வாண்டு அவருக்கு எளிதானதன்று. அவருடைய ஆசிரியராகிய கட்டெல், கட்டாயப் படைச்சேர்ப்புக்கு மாறான கருத்துக் கொண்டமையால் அதே 1917-இல் பல்கலைக்கழகத்தினின்று நீக்கப்பட்டார். துறையின் சுமை உட்வொர்த்தின் தோள்மேல் விழுந்தது. அச்சுமையோடு போர்ப் பணியையும் அவர் ஏற்றார்.

மருத்துவர் நோயாளரிடம் கேட்கும் வினாக்கள் யாவை என்று அவர் முதலில் ஆராய்ந்தார். நோயாளர் வரலாறுகளிற் காணப்பட்ட குறிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் ஆம் அல்லது இல்லை என்று விடையிறுக்கத்தக்க எளிய வினாவாக அமைத்தார். உறக்கம், கனவு, அச்சம், களைப்பு, தனிமை, தன்னம்பிக்கையின்மை, குழந்தைப் பருவத்துத் துன்பம் ஆகிய பலவும் அவற்றுள் இடம் பெற்றன. முடிவில் நின்ற வினாக்கள் 116. ஒருவரைப் பற்றி அவரையே வினவி, விடைகளை எண்ணால் மதிப்பிட்டு, அவர் இயல்பை அளக்கும் கருவிகளுள் இதுவே முன்னோடி என்பது உளநூலார் துணிபு.

கருவியைச் சோதித்த முறை

வினாக்களைத் தொகுத்தல் யார்க்கும் எளிது. அவ்வினாக்கள் மெய்யாகவே நோயைக் காட்டுகின்றனவா என்று காண்பதே அரிது. உட்வொர்த்தின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது.

அவர் தம் வினாக்களை நலமுடைய மாணவர்க்கும் படைவீரர்க்கும் கொடுத்துப் பார்த்தார். நோயெனக் குறிக்கும் விடையை நலமுடையாருள் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் ஒரு வினாவிற்குக் கூறினால், அவ்வினாவைத் தள்ளிவிட்டார். பலர்க்கும் பொதுவாய் உள்ளது நோய்க்குறி ஆகாது அன்றோ? மேலும், நோயாளரென மருத்துவரால் முன்பே துணியப்பட்டவரிடத்து, நலமுடையாரிடத்திற் காணப்படுவதினும் இருமடங்கேனும் மிகுந்து காணப்பட்ட குறிகளையே நிறுத்திக்கொண்டார். இவ்வாறு புடைத்துக் கொழித்தெடுத்த வினாக்களுக்கு நலமுடையார் கூறிய மாறான விடைகள் சராசரி ஏறக்குறைய 10. நோயாளர் கூறியவை 30-க்கும் 40-க்கும் இடைப்பட்டவை. கருவி நெல்லையும் பதரையும் பிரித்துக் காட்டிற்று.

இந்நெறியை நம் ஆச்சியிடம் பொருத்திப் பார்ப்போம். மழைக்காலத்தில் வண்ணார்பேட்டை ஆற்றோரத் தெருவில் நூற்றுவரைத் துணுக்குற்று விழிப்பது உண்டா என்று வினவினால், பாதிப்பேருக்கு மேல் ஆம் என்பர் என்று நாம் கருதுகின்றோம். அங்ஙனமாயின் அவ்விடத்தில், அக்காலத்தில், அவ்வினா தள்ளப்பட வேண்டியதே. குறை ஆச்சியிடத்து இல்லை, வினாவினிடத்தே உள்ளது. நண்பர் வினாநிரலைப் பெயர்த்தாரேயன்றி, இவ்வூர் நலமுடையாரிடமும் இவ்வூர் நோயாளரிடமும் அதனைச் சோதித்தாரல்லர்.

இங்குத் தமிழ் பயில்வோர்க்கும் ஒரு பணி உண்டு. சோர்வு என்னும் ஒரு சொல்லை உடற்களைப்புக்கும் வழங்குகின்றோம், மனத்தளர்ச்சிக்கும் வழங்குகின்றோம். மனம் சரியில்லை என்று நம் ஊரார் கூறுவது சிறு பிணக்கையும் குறிக்கும், பெருந்துயரையும் குறிக்கும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை ஒன்றற்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். இகழப்பட்டு அழுவது வேறு. இழந்து அழுவது வேறு. பண்டைநிலை கெட்டு அழுவது வேறு. இல்லாமையால் அழுவது வேறு. இவ்வேறுபாடு அறியாது ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி காட்டும் சொல்லை வைத்துவிட்டால், வினாவே மாறிப்போம். ஆகவே ஒருவர் தமிழாக்கியதை மற்றொருவர் மூலத்தைப் பாராமலே மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடுதல் இக்காலத்து முறையாயிற்று. அதன்பின்னும் மக்களிடம் சோதித்தல் இன்றியமையாதது. சிலநாள் கழித்து மீண்டும் கேட்டால் அவ்விடையே வருகின்றதா என்பது நிலைபேறு. அளக்கப் புகுந்ததையே அளக்கின்றதா என்பது மெய்ம்மை. ஒரு நாழி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காட்டலாம். ஆயினும் அது குறைநாழியாயிருக்கலாம். ஆதலின் நிலைபேறு மட்டும் இருந்தாற் போதாது.

கருவியின் குறையும் வழித்தோன்றலும்

உட்வொர்த்தின் வினாநிரல் முற்றுப்பெற்றுப் பரவுமுன் 1918 நவம்பரிற் போர் முடிந்தது. படைமுழுவதற்கும் பயன்படும் பேறு அதற்கு வாய்க்கவில்லை. ஆயினும் போருக்குப்பின் அது அச்சாகி வெளிவந்து, பல வினாநிரல்களுக்குத் தாயாயிற்று. 1930-இல் தர்ஸ்டன் இணையரும், 1931-இல் பெர்ன்ராய்ட்டரும் வெளியிட்டவை அவ்வழி வந்தவையே.

அதன்கண் குறையும் உண்டு. விடையிறுப்போன் உண்மை கூறுவான் என்று அது நம்பிற்று. வீடு திரும்ப விரும்பும் வீரன் இல்லாத நோயைக் கூறலாம். படையிற் சேர விழைபவன் உள்ள நோயை மறைக்கலாம். நம் எதிர்வீட்டு இளைஞன் நாணத்தால் மறைத்தான். இக்குறை நோக்கியே 1943-இல் மின்னசோட்டாவில் ஹாத்தவே, மக்கின்லி என்னும் இருவர் வெளியிட்ட பெரிய வினாநிரலில், விடையிறுப்போன் தன்னை அளவிறந்து நல்லவனாய்க் காட்டிக்கொள்கின்றானா என்பதை அறியும் வினாக்களும் சேர்க்கப்பட்டன. உட்வொர்த் தம் கருவியை முடிந்த தீர்ப்பாக ஒருபொழுதும் கருதவில்லை. மிகுந்த எண் பெற்றவரை மருத்துவர் நேரிற் கண்டு உசாவுதல் வேண்டும் என்பதே அவர் வகுத்த முறை. வினாநிரல் வாயில் காட்டும் விளக்கு. வழக்குத் தீர்க்கும் நீதிபதியன்று.

இவ்வழியின் இக்காலத்துக் கிளையே சோர்வெண்ணங்களை அளக்கும் நிரல்கள். 1961-இல் ஆரன் பெக் என்னும் மருத்துவர் மனச்சோர்வை அளக்க 21 பகுதிகள் கொண்ட நிரலை வெளியிட்டார். தன்னைப்பற்றியும், உலகைப்பற்றியும், வருங்காலத்தைப்பற்றியும் தாழ்வாக எண்ணுதலே மனச்சோர்வின் உள்ளீடு என்பது அவர் கொள்கை. 1980-இல் ஹாலன், கெண்டால் என்னும் இருவர், துயருற்ற வேளையில் உள்ளத்தில் தாமே எழும் எண்ணங்கள் யாவை என்று மாணவரையே கேட்டு 100 எண்ணங்களைத் தொகுத்தனர். சோர்வுடையாரையும் சோர்வில்லாரையும் பிரித்துக்காட்டிய 30 எண்ணங்களை மட்டும் நிறுத்தினர். பின் வேறொரு மாணவர் கூட்டத்திடம் அம்முப்பதையும் மீண்டும் சோதித்தனர். அறுபது ஆண்டுகட்கு முன் உட்வொர்த் கொழித்த முறத்தையே இவர்களும் கையிற்கொண்டனர் என்பது வெளிப்படை.

நம் நாட்டிலும் இத்தகைய உழைப்புக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இலும் உளநூற்றுறை தோன்றிற்று. லாகூர் நகரத்து மிஷன் கல்லூரி ஆசிரியராகிய ரைஸ், பிரெஞ்சு அறிஞர் பினேயின் அறிவுச் சோதனையை இந்துஸ்தானிக்கு ஏற்ப அமைத்து 1929-இல் வெளியிட்டார். காமத் என்பவர் கன்னடம், மராத்தி பேசும் சிறார்க்கு ஏற்ப அதனைத் திருத்தி 1934-இல் வெளியிட்டார். வெறும் மொழிபெயர்ப்பு அமையாது, நம் சிறாரிடமே சோதித்தல் வேண்டும் என்று இருவரும் அறிந்திருந்தனர்.

ஆசிரியரும் முதியவரும்

உட்வொர்த் எக்கட்சியையும் சேர்ந்தவரல்லர். நடத்தையே உளநூல் என்பாரும், அகநோக்கே உளநூல் என்பாரும் பூசலிட்ட காலத்தில், இருசாராரிடத்தும் உள்ள உண்மையை ஏற்றார். புறத்தூண்டல் ஒன்று, உயிர்தோறும் விளையும் செயல் வேறு, இடையே நிற்கும் உயிரின் இயல்பை மறத்தலாகாது என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. ஒரே வெள்ளம் இரு வீடுகளிற் புகுந்தும், ஒருவர் மறுநாளே சேறு வாரினார். மற்றொருவர் எல்லாம் போயிற்று என்று திண்ணையில் அமர்ந்தார். இதனைக் கண்ட நமக்கு அக்கொள்கையை விளக்கவும் வேண்டுமோ?

1921-இல் அவர் வெளியிட்ட உளநூற் பாடநூல் கல்லூரிதோறும் பரவிற்று. 1938-இல் வெளிவந்த சோதனை உளநூல், அச்சாகுமுன்னரே பல ஆண்டுகள் படிகளாய் மாணவரிடையே உலவி, கொலம்பியாவின் வேதாகமம் எனச் செல்லப்பெயரும் பெற்றது. 1956-இல் அமெரிக்க உளநூல் அறநிலையம் தன் பொற்பதக்கத்தை முதன்முதலில் அவர்க்கே அளித்தது. 1958-இல், தம் 89-ஆம் வயதில், மற்றொரு நூல் வெளியிட்டார். 1962-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் நியூயார்க் நகரில், 92 ஆண்டுகள் நிறைந்த முதியவராய் உலக வாழ்வை நீத்தார்.

முடிவுரை

குருவானவராகக் கருதிக் கல்லூரி புகுந்தவர் உளநூலாரானதைச் சிலர் வழிமாறியதாகக் கூறலாம். நமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் அமர்ந்து சாவை வேண்டிய வரலாற்றை நாம் அறிவோம். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறக்கமும், அப்பமும், தண்ணீரும் அருளினார். பின்னரே ஓரேப் மலையின்கண் வினவினார். ஒரே வினா இருமுறை கேட்கப்பட்டது. ஒரே விடை இருமுறையும் வந்தது. தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எலியா இருமுறையும் கூறினார். அவ்வெண்ணம் நிலைபேறுடையதாயிருந்தது, மெய்ம்மையுடையதாயில்லை. பாகாலை வணங்காத 7,000 பேர் அந்நாட்டில் இன்னும் இருந்தனர் என்னும் எண் அவர்க்கு அறிவிக்கப்பட்டது.

நண்பர்காள்! நம் விடுதியிலும் தெருவிலும் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எண்ணிச் சுவரை நோக்கிக் கிடப்போர் இருக்கலாம். அவர்களை அறிதற்கு வினாநிரல் வேண்டும். அது நம் மொழியில், நம் மக்களிடையே சோதித்துத் தெளிந்ததாய் இருத்தல் வேண்டும். உளநூல் பயில்வாரும் தமிழ் பயில்வாரும் கைகோத்து அதனைச் செய்யலாம். அது கைகூடுமளவும், கூடியபின்னும், உண்டாயா, உறங்கினாயா என்று அருகமர்ந்து கேட்கும் கடமை நம்மை விட்டு நீங்காது. எதிர்வீட்டு இளைஞனின் தாயார் கேட்டதும் அவ்வளவே.